விளக்கொளியில் தெரியாத நீலம்

மகளின் உதடுகளைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்து டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார்: சயனோசிஸ். இதயத்தில் பிறவிக் கோளாறு, கொழும்பில்தான் சத்திரசிகிச்சை செய்யலாம், தாமதிக்கக்கூடாது என்றார். மகளுக்கு மூன்று வயது. சிறிது தூரம் நடந்தாலே மூச்சுவாங்கிக் குந்திவிடுவாள்.

மனைவி அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதன் முன்பாதி, இயக்கப் போராளிகள் கழுத்தில் கட்டியிருந்த நஞ்சுக் குப்பியால், அந்த வருடங்களில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எனக்கு ஒளிக்காதேங்கோ. பிள்ளையின்ரை ரத்தத்திலை சயனைட்டோ?"

மறுநாள் நான் வேலை செய்த பத்திரிகை அலுவலகத்தில் பெரிய அகராதியைப் பிரித்தேன். பழைய கிரேக்கத்தில் 'கியானோஸ்' என்றால் கருநீலம். அந்த நிறக் கல்லுக்கும், சுவரில் பதித்த கண்ணாடிப் பூச்சுக்கும் அதே பெயர். உடல் நீலம் பாரிப்பதற்கு வைத்தியர்கள் அதிலிருந்து சொல்லெடுத்தார்கள். நஞ்சுக்குப் பெயர் வந்த வழி வேறு: அதன் அமிலத்தை முதலில் ஒரு நீலச் சாயத்திலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த நஞ்சு நீலமே அல்ல.

மாலையில் புத்தூர் வீட்டுக்குத் திரும்பி இதைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "அப்ப வெறும் நிறம்தானே."

மின்சாரம் இல்லாத காலம். போத்தல் விளக்கைப் பிள்ளையின் முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். உதட்டில் நீலம் இல்லை. அடுத்தடுத்த இரவுகளிலும் இல்லை. குறைந்து வருகிறது, கொழும்பு வேண்டாம் என்றாள். பகலெல்லாம் வேலை, பிள்ளையை ஆறுதலாகப் பார்ப்பது விளக்கேற்றிய பிறகுதான். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சளில் நீலம் தெரியாது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

டொக்டரிடம் சொன்னபோது, விடிந்ததும் முற்றத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். பார்த்தோம். நாவற்பழம் தின்றவளின் உதடுகள். மனைவி உள்ளே போய் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள்.

எனக்கு இயக்கத்தின் பயண அனுமதி கிடைக்கவில்லை. தாயும் பிள்ளையும் கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளத்தில் போனார்கள். அதன்பின் ஒருவருக்கான சோறு, ஒரு கோப்பை. தபால் ஒழுங்காக வருவதில்லை. அலுவலகத்தில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கொழும்பு போய்த் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் ஒரு காலை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சத்திரசிகிச்சை முடிந்துவிட்டதாம். உதடு என்ன நிறம் என்று கேட்டேன்.

"அதை ஆர் அண்ணை பாத்தது? ஒரு இடத்திலை நிண்டால்தானே பாக்க. ஓடி வந்து ஏறி என்ரை சேட்டுப் பையையும் கிழிச்சுப்போட்டாள்."

கிழிந்த சட்டைப் பையைக் காட்டிச் சிரித்தார். தேத்தண்ணி வேண்டாம் என்று போய்விட்டார். அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்க்க வீட்டில் யாரும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.