ஃப்ரீசர் பாக்ஸும் ஒரு நிமிஷ மௌனமும்

நேத்து எங்க கிளப் மீட்டிங்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துனோம்.

அந்த ஒரு நிமிஷமும் எனக்கு வாய்விட்டுக் கத்தணும் போல இருந்துச்சு.

தெரியாதவகளுக்குச் சொல்லிர்றேன். நான் கம்பத்துல ரெடிமேட் துணிக்கடை வச்சிருக்கேன். இங்கன உள்ள ஒரு சேவை சங்கத்துல இந்த வருஷ செயலாளர். புதன்கிழமை சாயங்காலம் ஆனா மீட்டிங்.

(மீட்டிங்னா ஏழெட்டுப் பேரு. டூர்னா மச்சினன் கொழுந்தியா வரைக்கும் ரெண்டு வேன்.)

கண் கேம்ப் நடத்துவோம், ஸ்கூல் பிள்ளைகளுக்கு நோட்டு குடுப்போம். ஆனா ஊருக்குள்ள எங்களத் தெரியுறது ஃப்ரீசர் பாக்ஸாலதான். எந்த வீட்டுல சாவு விழுந்தாலும், வெளியூர்ப் பிள்ளைக வந்து முகம் பாக்குற வரைக்கும் உடம்ப வைக்க இலவசமா குடுப்போம்.

அந்தப் பாக்ஸுல சித்திரைல இருந்தே கூலிங் சரியில்ல. மீட்டிங்ல நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

"அண்ணாச்சி, கம்ப்ரசர் போகப் போகுது. மெக்கானிக்க வரச்சொல்லுவமா?"

அண்ணாச்சிதான் எங்க தலைவர், ஹார்டுவேர் கடை வச்சிருக்காக. நல்ல மனுசன்தான்.

"வீரபாண்டித் திருவிழா முடியட்டும்மா, எல்லாரும் அங்கன இருக்காக."

திருவிழா முடிஞ்சுச்சு.

"பதவியேற்பு விழா முடியட்டும்மா."

அதுவும் முடிஞ்சுச்சு. யாருக்கு எந்தக் கலர் சால்வைன்னு மட்டும் ஒரு மீட்டிங் பூரா பேசுனோம். பாக்ஸ் பேச்சு வர்றதுக்குள்ள வடை வந்துருச்சு.

காசெல்லாம் இருந்துச்சு. அவசரம்தான் யாருக்கும் இல்ல.

திங்கக்கிழமை காலைல சுருளிப்பட்டில இருந்து பாண்டி அண்ணன் போன் பண்ணுனாரு. திராட்சைத் தோட்டம் வச்சிருக்கவரு, ரொம்ப வருஷமா நம்ம கடைக்கு வர்றவரு.

"அம்மா, பேச்சி போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்வளவுதான். மக வரணும். பாக்ஸ் அனுப்புறியா?"

பேச்சியம்மா அவரு சம்சாரம். ஒரே மக கவிதா, மஸ்கட்ல நர்ஸு. அவ டிக்கெட் போட்டு, கொச்சில எறங்கி, குமுளி வழியா வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆயிரும்.

எங்க பாக்ஸ நம்ப முடியாதேன்னு பக்கத்து ஊர்கள்ல விசாரிச்சேன். கூடலூர்ல கேட்டேன், சின்னமனூர்ல கேட்டேன். ரெண்டு ஊரு பாக்ஸும் வேற சாவு வீட்டுல இருந்துச்சு.

"அண்ணே, எங்க பாக்ஸுல கூலிங் கம்மி."

"இருக்கட்டும்மா, இதுவாச்சும் கிடைச்சுச்சே."

மறுநாள் வெயில் ஏறவும் மோட்டர் நின்னுபோச்சு.

கடையப் பூட்டிட்டு ஓடுனேன். மீன் மார்க்கெட்டுல ஐஸ் பார் வாங்கிட்டு வந்து சுத்தி அடுக்குனாக. ஆஸ்பத்திரி பிணவறைல வச்சிருக்கலாமேன்னு கேட்டுப் பாத்தேன். வீட்டுல கிடத்துனவள வெளிய அனுப்ப மாட்டோம்னு சொந்தக்காரக மறுத்துட்டாக.

ஐஸ் கரைஞ்சு வாசல் பூரா தண்ணி.

மதியத்துக்கு மேல பாண்டி அண்ணனே எந்திரிச்சு வந்தாரு.

"போதும். இந்தக் கோலத்துல பிள்ள அவளப் பாக்க வேணாம். எடுத்துருவோம்."

எடுத்துட்டாக.

பொழுது சாயுற நேரத்துல கவிதா வந்து எறங்குனா. பந்தல் இருக்கு, சேர் இருக்கு, ஆத்தா இல்ல.

அவ அழல. நேரா என்கிட்ட வந்தா.

"அக்கா, குமுளி தாண்டிட்டேன்னு போன் போட்டேனே. அதுக்கு மேல கொஞ்ச நேரங்கூடவா வச்சிருக்க முடியல?"

அவ போன் வந்தப்ப இங்க எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அதச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல.

"அம்மாவுக்கு என்ன சேல கட்டி விட்டீக?"

"நீ போன தடவ வாங்கிட்டு வந்த மாம்பழக் கலரு."

"அது அவுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காதுக்கா. நான் வாங்கிட்டு வந்தேன்னு கட்டுவாக."

அப்பத்தான் அழுதா.

நேத்து மீட்டிங்ல இத்தனையும் சொன்னேன். எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. அண்ணாச்சி கண்ணத் துடைச்சாக, பொய்யில்ல. அப்புறம் மௌன அஞ்சலி. அப்புறம் டீ.

அப்புறம் ஒரு தீர்மானம். புதுப் பாக்ஸ் வாங்குறது. அது மூடி மேல உறுப்பினர் எல்லார் பேரும் எழுதுறது. திறந்து வைக்க ஒரு வி.ஐ.பி.யக் கூப்பிடுறது. அவுக எப்பத் தேதி குடுக்குறாகளோ அப்ப விழா.

(சாவுப் பொட்டிக்கு ரிப்பன் வெட்டப் போறோம். சிரிச்சுக்கோங்க.)

"அதுவரைக்கும் பழசு, அண்ணாச்சி?"

"புதுசுதான் வரப்போகுதுல்லம்மா. பழசுக்கு எதுக்கு வீணா செலவு?"

அடுத்து மூணாறு டூர் பத்திப் பேச ஆரம்பிச்சாக. நான் எந்திரிச்சு வந்துட்டேன். ஏன் போறேன்னு யாரும் கேக்கல.

இன்னிக்குக் காலைல லோடு ஆட்டோ கூட்டிட்டு பாக்ஸ எடுக்கப் போனேன்.

பாண்டி அண்ணன் அதச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காய வச்சு, வயர அழகாச் சுத்தி வச்சிருந்தாரு.

"அண்ணே, நீங்க எதுக்குண்ணே இதெல்லாம்?"

"அடுத்த வீட்டுக்குப் போகணும்லம்மா. நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத. இதுவரைக்கும் எத்தன வீட்டுக்கு ஒத்தாச பண்ணிருக்கீக."

திட்டியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன். அவரு எனக்கு ஆறுதல் சொன்னாரு.

கவிதா உள்ளதான் இருந்தா. வெளிய வரல.

பாக்ஸ் இப்ப என் கடை வாசல்ல நிக்குது. தெரிஞ்ச மெக்கானிக் திருப்பூருக்குப் போயிட்டாராம். தேனி, கம்பம் பக்கம் இந்த வேல தெரிஞ்சவக இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, கிளப்ப நம்பல, நானே பாத்துக்கிறேன்.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே குச்சனூர்ல இருந்து ஒரு அம்மா போன் பண்ணிட்டாக. வீட்டுக்காரரு இறந்துட்டாராம். மகன் சென்னைல இருந்து கிளம்பிட்டானாம்.

"பாக்ஸ் இருக்காம்மா?"னு கேட்டாக.

கொஞ்சம் லைன்லயே இருங்கம்மான்னு சொல்லிருக்கேன். நான் என்னங்க சொல்லட்டும்?