அன்ரன் அண்ணை சொன்ன பதில்

சுற்றுலா வழிகாட்டியாக எனக்கு அது முதல் வருடம். நான்கு பிரெஞ்சுப் பயணிகளை, குருநகர்ப் படகுக்காரர் அன்ரன் அண்ணையின் படகில் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போனேன். ஒல்லாந்தர் காலத்துக் கடற்கோட்டையையும் பழைய தேவாலயங்களையும் பார்த்துவிட்டு, தவறணையில் கள்ளு ருசித்தார்கள். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர்க்காரர்கள். கள்ளையும் வைன் போல மணந்து மணந்துதான் குடித்தார்கள்.

திரும்பும் நேரம் அன்ரன் அண்ணை தயங்கினார்.

"சோழகக் காத்து பலக்குது தம்பி. கொஞ்சம் பொறுப்பம்."

"இந்த ஆக்கள் பின்னேரம் நல்லூர்க் கோயிலுக்குப் போகவேணும். பயமெண்டால் சொல்லுங்கோ, வேறை படகு பிடிக்கிறன்."

அவர் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

பாதி வழியில் ஓர் அலை படகுக்குள் விழுந்தது. எஞ்சின் நின்றது. அடுத்த அலையில் படகு சரிய, வயதான பெண்மணி ஒருவர் நகம் பதிய என் கையைப் பிடித்தார். அண்ணை துடுப்பால் படகை அலைக்கு நேரே பிடித்தபடி, "தண்ணியை இறையுங்கோ!" என்று கத்தினார். இறைத்தோம். நெடுநேரத்தின் பின் எஞ்சின் இயங்கியது.

கரையேறியதும் அந்தப் பெண்மணி கோபமாக ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: "காற்று வருமென்று இவருக்குத் தெரியாதா? கேளுங்கள்."

கேட்டேன். அண்ணை ஒரு கணம் என்னையே பார்த்தார்.

"என்ரை பிழைதான் எண்டு சொல்லு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் என் வேலை போகாது.

"இவர் போகவேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தினேன்" என்றேன்.

பெண்மணி என்னைத் திரும்பியும் பார்க்காமல், அண்ணையிடம் போய்க் கைகூப்பினார்.

"என்னடா தம்பி சொன்னனீ?"

"நீங்கள் சொன்னதைத்தான் அண்ணை."

அன்று மாற்றிச் சொல்லியிருக்காவிட்டால், இன்று அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்க என்னால் முடிந்திருக்காது.