தப்பென்று தெரிந்தும் பின்னால் வந்தவர்கள்

போன வருடம் எங்கள் ஆபீஸிலிருந்து ஆறு பேர் ஆந்திர எல்லையோரம் ஒரு மலைக்கு டிரெக்கிங் போனோம். தாம்பரத்திலிருந்து வேன். டீம் லீடர் என்பதால் மலையிலும் நான்தான் முன்னால் நடந்தேன்.

இறங்கும்போது பாதை இரண்டாகப் பிரிந்தது. வந்த வழி எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனாலும் யோசிக்காமல் இடது பக்கம் கை காட்டினேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஸ்டெல்லா மட்டும், "சார், நாம வந்தது வலது பக்கம்" என்றார்.

"எனக்குத் தெரியும், வாங்க" என்றேன். எல்லோரும் வந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து பாதை ஒரு செங்குத்தான பள்ளத்தில் போய் முடிந்தது. தண்ணீரும் தீர்ந்துவிட்டது. "ஸாரி, எனக்கு வழி தெரியாது" என்று ஒப்புக்கொண்டேன். யாரும் திட்டவில்லை. ஸ்டெல்லாதான் எங்களைத் திரும்ப அழைத்துப்போய் சரியான வழியில் இறக்கினார்.

கீழே வந்ததும் அவரிடம் கேட்டேன். "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் என் பின்னாடி வந்தீங்க?"

அவர் ஷூவிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஆபீஸ்லயும் அப்படித்தானே சார் வர்றோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அது நம்பிக்கையா, பயமா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் மீட்டிங்கில் எல்லோரும் "சரி சார்" என்று தலையாட்டினால், நான் சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.