மத்திகிரி தாண்டினால் மாறும் பேச்சு

மணிமேகலைக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பாடம் நடத்தும்போது சன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஓசூரில் அவள் வேலை பார்க்கும் கல்லூரி அவளுக்கு மூன்றாவது கல்லூரி. எல்லா இடத்திலும் கௌரவ விரிவுரையாளர்தான். ஆண்டு முடிந்தால் வேலை நீடிக்குமா என்று தெரியாது.

சொந்த ஊர் ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை. வீட்டில் தெலுங்கு. சேலத்தில் தமிழ் படித்தபோது முதன்முதலாக ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க மேடையேறினாள். முதல் வரியிலேயே "தமிள்" என்று சொல்லிவிட்டாள். அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினான். மீதிக் கட்டுரையை எப்படி வாசித்து முடித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அதன்பிறகு விடுதி மொட்டைமாடியில் ழகரம் சொல்லிச் சொல்லி நாக்கைப் பழக்கினாள். இன்று அவள் பேச்சில் பேரிகையைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஆண்டு கல்லூரியில், இளங்கலை மாணவர்கள் தங்கள் ஆய்வை எல்லோர் முன்பும் வழங்க வேண்டும் என்று முடிவானது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் துணை. நடுவர் ஒருவர் வந்து, சிறந்த ஆய்வுக்குப் பரிசு தருவார். துறைத் தலைவர் குருமூர்த்தி, மாதேஸ்வரியை மணிமேகலையிடம் ஒப்படைத்தார். இரண்டாமாண்டு தமிழ் படிக்கும் பெண். ஜவளகிரியிலிருந்து வருகிறவள், வீட்டில் கன்னடம்.

"என்ன தலைப்பு எடுத்திருக்க?" என்று மணிமேகலை கேட்டாள்.

"எங்க அக்கா போற கம்பெனி பஸ்ஸு மேடம். பொம்பளைங்க மட்டும் போறது. அதுல எப்ப எந்த பாஷை பேசறாங்கன்னு. டிரைவர்கிட்டச் சொல்லிட்டு நானும் அதுலயே ஏறிக்குவேன். எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் எழுதுனேன்."

"அதுல என்ன தெரிஞ்சுது?"

"தளியில ஏறும்போது எல்லாம் கன்னடமும் தெலுங்குந்தான். தக்காளி வெல, கொழந்தைக்கு ஜொரம், மாமியார் சண்டை எல்லாம் அதுலதான். ஓசூர் கிட்ட மத்திகிரி தாண்டுச்சுன்னா பேச்சு மாறிடுது மேடம். யாரும் சொல்றதில்ல. அதுவா தமிழுக்கு வந்துடுது. கம்பெனி கேட்டுகிட்ட வந்தா டார்கெட்டு, ஓவர்டைம், லீவுன்னு பாதி இங்கிலீஷு."

மணிமேகலைக்குப் பிடித்துப்போனது. நல்ல விஷயம். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு. "ஜொரம் இல்ல, காய்ச்சல். வெல இல்ல, விலை. மேடையில இப்படிப் பேசக்கூடாது."

ஒத்திகை தொடங்கியது. மாதேஸ்வரி ஒரு வரி சொல்வாள், மணிமேகலை நிறுத்துவாள். மறுபடி ஒரு வரி, மறுபடி நிறுத்தம். கடைசியில் மணிமேகலையே முழு உரையையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். "பேருந்தில் பயணிக்கும் மகளிர் தத்தம் தாய்மொழியிலேயே உரையாடுகின்றனர்" என்று தொடங்கியது அது. அதை மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்தபோது மாதேஸ்வரியின் குரல் ரயில் நிலைய அறிவிப்பு போல இருந்தது. பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் மணிமேகலைக்கு நிம்மதியாக இல்லை. எது சரியில்லை என்றும் புரியவில்லை.

அடுத்த நாள் மாதேஸ்வரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

"வேற யாரையாச்சும் வாசிக்கச் சொல்லும்மா. நீதான் எழுதி வெச்சிருக்கியே" என்றார் குருமூர்த்தி.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மணிமேகலைக்கு அது சுருக்கென்றது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றால், அதில் மாதேஸ்வரி எங்கே இருக்கிறாள்? அன்று மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஜவளகிரி பஸ் ஏறினாள்.

மாதேஸ்வரி வீட்டு வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியையைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏன் வரல?"

"எனக்கு வராது மேடம். நீங்க எழுதுனதப் பேசுனா, பஸ்ல நான் பாத்தது எதுவும் மனசுக்குள்ள வரமாட்டேங்குது." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்களுக்கு வீட்லருந்து போன் வந்தா வராண்டா கடைசிக்குப் போயிடறீங்க. அங்க போய்த்தான் தெலுங்குல பேசறீங்க. எங்க பஸ்ஸு பொம்பளைங்களுக்கு மத்திகிரி எப்புடியோ, உங்களுக்கு அந்த வராண்டா."

மணிமேகலை வாசலை விட்டு நகர்ந்தாள். விறுவிறுவென்று தெருமுனை வரை நடந்தாள். பஸ் வர இன்னும் நேரமிருந்தது. போய்விடலாமா என்று நின்றாள். சேலத்து அரங்கின் சிரிப்பு காதில் கேட்டது. இத்தனை நாளும் அந்தப் பெண்ணைத் திருத்திய திருத்தமெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்தாள்.

"இதையும் எழுதியிருக்கியா?"

"இல்ல மேடம். உங்களக் கேக்காம எப்புடி எழுதுவேன்?"

"எழுதிக்கோ. பேரு மட்டும் போடாத. நான் குடுத்த தாளத் தூக்கிப் போட்டுட்டு நாளைக்கு வா."

மறுநாளிலிருந்து ஒத்திகை வேறு மாதிரி நடந்தது. மணிமேகலை நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது, ஆனால் குறுக்கிடவில்லை. மாதேஸ்வரி பேசி முடித்த பிறகு கேள்வி மட்டும் கேட்டாள். "மத்திகிரியிலயே ஏன் மாறுது? அங்க யாரு ஏறுறாங்க?" வணிகவியல் விரிவுரையாளர் தங்கமணியையும் இயற்பியல் அசோக்குமாரையும் இழுத்து வந்து கேட்கவைத்தாள். இதுபற்றி ஒன்றும் தெரியாத அவர்கள் கேட்ட கேள்விகள்தான் அதிகம் உதவின. வகுப்பறையை விட்டுக் கருத்தரங்கக் கூடத்துக்கே அழைத்துப் போய், மைக்கைக் கையில் கொடுத்துப் பழக்கினாள்.

ஆய்வு வழங்கும் நாளன்று கூடம் நிறைந்திருந்தது. மாதேஸ்வரி பேச்சுத் தமிழிலேயே பேசினாள். பஸ்ஸில் கேட்ட கன்னட வாக்கியங்களை அப்படியே சொல்லிப் பொருளும் சொன்னாள். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். மணிமேகலை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கேலிச் சிரிப்பா, தங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்ட சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் கேட்டார். "தமிழ்த்துறை மாணவி இப்படிப் பேசலாமா?"

"அவங்க பேசுனத நான் திருத்திச் சொன்னா, அது என் பேச்சா ஆயிடும் சார்."

நடுவர் விடவில்லை. "சரி, ஆண்களும் இப்படித்தான் மாறுகிறார்களா?"

மாதேஸ்வரி மைக்கைக் கை மாற்றிப் பிடித்தாள். இந்தக் கேள்வியை யாரும் ஒத்திகையில் கேட்கவில்லை. மணிமேகலைக்குப் பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எழுந்தே விட்டாள். மாதேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். மணிமேகலை மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

"ஆம்பளைங்க போற பஸ்ல நான் ஏறுனதே இல்ல சார். அதனால எனக்குத் தெரியாது."

நடுவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பரிசு இயற்பியல் துறைக்குப் போனது. மாதேஸ்வரிக்குச் சான்றிதழ் மட்டும்தான். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

"அந்த ஆம்பளைங்க பஸ்ஸு மேடம்..." என்றாள் படியிறங்கும்போது. "அதுல நானோ அக்காவோ ஏற முடியாது. முனீஸ்வரனை ஏறச் சொல்லலாமா? எங்க கிளாஸ்தான். அவங்க அண்ணன் ஷிப்டுக்குப் போறான்."

"கம்பெனியில கேக்கணும்" என்றாள் மணிமேகலை.

அடுத்த வாரம் முழுக்க அவள் அதற்காகவே அலைந்தாள். முனீஸ்வரனின் அண்ணன் போகும் கம்பெனியில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் மெயில் போடச் சொன்னார்கள், பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார், காத்திருங்கள் என்று செக்யூரிட்டி நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதற்குக் கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கம்பெனி கேட்டுக்கும் அங்கிருந்த வேப்பமரத்துக்கும் நடுவே நடந்தபடி மாதேஸ்வரிக்குப் போன் போட்டாள். முனீஸ்வரன் என்னென்ன கேட்க வேண்டும் என்று இப்போதே யோசித்து வைக்கச் சொன்னாள்.