படாக் மரத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி

நின்றுகொண்டு ஆடுகிற அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரித்தார். சிரித்தது நல்லதாகப் போயிற்று. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அந்தக் காரியத்தை முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பெட்டியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயரம் இருக்கும். முகத்துக்கு நேரே சாய்வாக ஒரு திரை. இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, அதில் தலையில் சிவப்பு உருண்டை வைத்த குச்சி ஆளுக்கொன்று, பக்கத்தில் பட்டன்கள். நாங்கள் பள்ளியில் படித்தபோது எங்கள் தீவின் அபர்தீன் பஜாரில் ஒரு கடை முழுக்க இந்தப் பெட்டிகள்தான். அதற்குள் கால் வைத்த ஒரே பெண்பிள்ளை நான். இரண்டு பேர் அடித்துக்கொள்கிற ஆட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு பையன் என்னை மறுபடி மறுபடி மண்ணைக் கவ்வ வைத்தான். ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. பிற்பாடு அவனையே கல்யாணம் செய்துகொண்டேன். பழி தீர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கணவருக்கு ஹேடோ துறைமுகத்தில் வேலை, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் சரக்கைப் பார்த்துக்கொள்வது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போனார். திரும்பி வந்து டிங்கியைக் கட்டும்போது அலை தூக்கிவிட்டது. கையைச் சுற்றியிருந்த கயிறு இறுகி, வலது கையின் நடு விரல்கள் மூன்றும் போய்விட்டன. மிஞ்சியது கட்டைவிரலும் சுண்டுவிரலும். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

விரல் போனதை நான் தாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. வாசலைத் தாண்டினால் அந்தக் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விடும், வீடு திரும்பும்வரை வெளியே வராது. சாப்பாடு அடுக்களைக்குள்ளேதான், இடது கையில் ஸ்பூனோடு. நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிடக் கூச்சம், வலது கையை எடுக்க அதைவிடக் கூச்சம். கல்யாணம், காதுகுத்து எதிலும் பந்தியில் உட்கார மாட்டார். மொய் எழுதிவிட்டு, வயிறு சரியில்லை என்று வந்துவிடுவார். ஒரு மனுஷனுக்கு எத்தனை வருஷம் வயிறு சரியில்லாமல் இருக்கும்?

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் வீட்டில் செய்த கேம் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் பட்டன்கள் டீ சாஸர் அளவுக்கு இருந்தன. விரலே வேண்டாம், உள்ளங்கையால் ஓங்கி அடித்தால் போதும். மனசுக்குள் அவரை அந்தப் பெட்டி முன்னால் நிறுத்திப் பார்த்தேன். குச்சிக்கு இடது கை, பட்டனுக்கு வலது உள்ளங்கை. தோசை தீய்கிற வாசனை வந்த பிறகுதான் நான் அடுக்களையில் நிற்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

அவருக்காக என்று சொன்னால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்பார். அதனால் பிள்ளையார் சதுர்த்திக்கு டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் தெருவில் போடுகிற பந்தலில் பிள்ளைகள் விளையாடத்தான் இது என்று அளந்துவிட்டேன். நம்பினார். பள்ளி ஆபீசில் வேலை பார்க்கிற நான் ராத்திரி பகலாக வீடியோ பார்த்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று படித்தேன். உள்ளங்கை அளவு குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, ஆபீசில் ஏலத்தில் எடுத்த பழைய மானிட்டர், ஆட்டோக்காரர் கழற்றிப் போட்ட ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. குட்டிக் கம்ப்யூட்டரை மானிட்டரில் சொருகி முதல் தடவை திரையில் வெளிச்சம் வந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்கா, பாம்பு வந்துவிட்டதோ என்று கம்போடு ஓடி வந்தார்.

பெட்டிக்கு நான் கேட்டது பிளைவுட். ஆசாரி தலையாட்டவே இல்லை. இந்த மழைக்குப் பிளைவுட் ஊறி உப்பிவிடும், படாக் போடுங்கள், பேரன் காலம்வரை நிற்கும் என்று ஹிந்தியில் அடித்துச் சொல்லிவிட்டார். படாக் எங்கள் தீவுக் காட்டில் விளைகிற கெட்டிச் சிவப்பு மரம், இங்கே எல்லாருக்கும் இந்தப் புத்திதான். மேசையா, படாக். ஊஞ்சலா, படாக். சரி, செய்யுங்கள் என்றேன். வந்து இறங்கிய பெட்டி எங்கள் பீரோவுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. செக்கச் செவேலென்று அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் நான் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துத் தள்ளியும் ஒரு இஞ்ச் நகரவில்லை.

இனி குச்சிகளும், என் பக்கத்துக்குச் சின்ன பட்டன்களும், அவர் பக்கத்துக்குப் பெரிய பட்டன்களும் வர வேண்டும். ஆன்லைனில் எதைக் கேட்டாலும் எங்கள் பின்கோடைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகிறார்கள். அதனால் நாங்கள் எல்லாவற்றையும் சென்னையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து தீவுக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடச் சொல்வோம். வாங்குவதும் ரெட்டை ரெட்டையாகத்தான். ஒன்று பழுதானால் அடுத்தது வந்து சேர யுகமாகும். அப்போது என் அம்மா ஒரு கல்யாணத்துக்காக ராமநாதபுரம் போயிருந்தார். திரும்பும்போது சென்னையில் அந்தப் பார்சலையும் எடுத்துக்கொண்டார்.

வந்து இறங்கியதும் அம்மா கால்கூடக் கழுவவில்லை, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். சென்னை ஏர்போர்ட்டில் பை எடை கூடிவிட்டதாம். தீவுக்காரர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். வரிசையில் தெரிந்த முகம் யார் என்று பார்த்து, ஆளுக்கொரு பொட்டலத்தைத் தள்ளிவிடுவார்கள். கருப்பட்டி ஒருத்தரிடம், அப்பளம் ஒருத்தரிடம் போக, குச்சிகளும் சின்ன பட்டன்களும் அம்மாவின் கைப்பையில் இருந்தன. சோதனை மெஷினில் பார்த்தால் சிவப்பு உருண்டை, ஒயர், பட்டன். விடுவார்களா? ஓரமாக நிறுத்தி, இது என்ன என்று ஹிந்தியில் கேட்டிருக்கிறார்கள்.

"நான் பயந்தேன்னா நினைக்கிற? நம்ம ஊரு ஹிந்திய எடுத்து விட்டேன். கிலோனா ஹை பேட்டா, மேரா தாமாத் கா. வெளாட்டுச் சாமான்ப்பா, எம் மாப்பிள்ளையோடதுன்னு சொன்னேன். பாவம், அவருக்குக் கையில இப்படி ஆயிப்போச்சு, எம்மவ அவருக்காகச் செய்யிறான்னு சொன்னதும் அந்தத் தம்பி கும்புட்டு அனுப்பிருச்சு."

மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார். தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"பசங்களுக்குன்னு சொன்ன?" என்றார் அவர்.

"சொன்னேன்."

"எனக்கு யாரும் பாவப்பட்டு பொம்ம வாங்கித் தர வேண்டாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பாவமா? நானா? உங்கள ஒரு ஆட்டமாச்சும் ஜெயிக்காம நான் சாகப் போறதில்ல, தெரிஞ்சுக்கங்க. நீங்க பாட்டுக்குக் கைய பாக்கெட்ல சொருகிட்டு நின்னா, நான் யாரப் போயித் தோக்கடிக்கிறது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கை பாக்கெட்டில் இருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு அம்மாவின் பைகளைக் குடைந்தால், பெரிய பட்டன் பொட்டலத்தைக் காணோம். எதற்காக இத்தனை பாடு பட்டேனோ அது மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்து, அதை வடக்கே லாங் ஐலண்ட் என்ற தீவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொடுத்ததாக அம்மா சொன்னார். இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அண்ணாச்சி படகைப் பிடிக்கிற அவசரத்தில் பொட்டலத்தோடு போய்விட்டார். "எங்கடி போயிரப் போவுது, நம்ம ஆளுதான" என்றார் அம்மா. நம்ம ஆள்தான். போன் போட்டால், பத்திரமாக அரிசி மூட்டை மேலே வைத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் அன்று மாலையே காற்று கிளம்பிப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். கடல் எப்போது அடங்கும் என்று கடலைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நான் வீம்புக்குச் சின்ன பட்டன்களையே இரண்டு பக்கமும் மாட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி இது நிஜமாகவே தெருப் பிள்ளைகளுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

சதுர்த்திக்கு முந்தின நாள் மத்தியானம் நானும் அம்மாவும் கொழுக்கட்டைக்குப் பூரணம் கிண்டிக்கொண்டிருந்தோம். பின்பக்கம் கர்ரென்று மரம் அறுக்கிற மெஷின் சத்தம். ஆசாரி இன்றைக்கு வருவதாகச் சொல்லவில்லையே என்று போய்ப் பார்த்தேன்.

என் கணவர்தான். பெட்டியிலிருந்து பலகையைக் கழற்றி, நான் பாடுபட்டு மாட்டிய சின்ன பட்டன்களையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார். இடது கையில் மெஷின். வலது கையால் பலகையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டைகளைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். படாக் தூள் சிவப்புச் சிவப்பாக இரண்டு கைகளிலும் அப்பியிருந்தது. பக்கத்தில், அரிசி மாவு ஒட்டின ஒரு பொட்டலம் பிரிந்து கிடந்தது.

அவரே அண்ணாச்சிக்குப் போன் போட்டிருக்கிறார். காற்று கொஞ்சம் விட்டதும் அண்ணாச்சி அதை ரங்கத் ஊர்ப் பக்கம் வரும் படகில் ஏற்றி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ் கண்டக்டர் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் இவர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று வாங்கி வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நான் நிற்பது தெரிந்தும் அவர் திரும்பவில்லை. "உன் பக்கமும் பெரிய பட்டன்தான் போடுறேன். ரெட்டையாத்தான வாங்கிருக்க. இல்லன்னா தோத்துப்புட்டு அழுகுணி ஆட்டம்னு சொல்லுவ" என்றார்.

நான் உள்ளே போய்ப் பூரணத்தைக் கிண்டினேன். அடி பிடித்துவிட்டது என்று அம்மா திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தெருவே சேர்ந்து அந்தப் பெட்டியைப் பந்தலுக்குத் தூக்கியது. தமிழ், பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லா மொழியிலும் ஆசாரிக்குத் திட்டு விழுந்தது. மேலே தார்ப்பாயில் மழை, கீழே எங்கள் வீட்டிலிருந்து இழுத்த ஒயர். திரை எரிந்ததும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். அடித்த அடியில் வேறு பெட்டியாக இருந்தால் கழன்றிருக்கும், படாக் அசையவில்லை. நான் செய்த பெட்டி, நான் கொடுத்த ஒயர், பட்டனை அமுக்கினால் திரையில் ஒருத்தன் உதைக்கிறான்.

ஆரத்தி முடிந்த பிறகு நான் பெட்டி முன்னால் போய் நின்று, அவரைக் கூப்பிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். அவர் வந்தார். இடது கையால் குச்சியைப் பிடித்தார். வலது கை பாக்கெட்டிலேயே இருந்தது.

வீட்டில் தனியாக அறுப்பது வேறு, தெரு முன்னால் எடுப்பது வேறு. எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்ததும் அடித்தேன். ஈவிரக்கம் பார்க்காமல் அடித்தேன். அவருடைய ஆள் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து உதை வாங்கினான். திரை மேலே அவருடைய உயிர்க் கோடு பாதிக்குக் கீழே இறங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள்.

"என்ன, கடைய மூடியாச்சா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். பட்டன் மேல் பொத்தென்று ஓர் அடி. என் ஆள் பறந்துபோய் விழுந்தான். எழுந்தான், இன்னோர் அடி. அபர்தீன் பஜாரில் பார்த்த அதே வேகம், அதே திமிர். கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வதும் அதேதான். நான் குச்சியை முறுக்கினேன், குனிந்தேன், குதித்தேன், ஒன்றும் எடுபடவில்லை. என் உயிர்க் கோடு தேய்ந்துகொண்டே வந்தது. எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தாம்பாளத்தில் கொழுக்கட்டையோடு பக்கத்து வீட்டு அக்கா வந்து, பிரசாதம் என்று நீட்டினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கணவர் வலது கையை நீட்டினார். அக்கா அந்த உள்ளங்கையில் ஒரு கொழுக்கட்டையை வைத்தார். அவர் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் அதைப் பிடித்து, அத்தனை பேர் நடுவில், வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே கடைசி அடியை அடித்தார்.

என் ஆள் விழுந்து கிடந்தான். அம்மா என் முகத்தைப் பார்த்துப் பதறி, பக்கத்தில் வந்தார்.

"ஏண்டி அழுவுற?"

"தோத்துட்டேன்ல" என்றேன்.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு கொழுக்கட்டை கேட்டார். நான் மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் பட்டனை அடித்தேன்.