பின்மாறிப் போன தெபோராள்

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தச் சபையில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். முதலில் நோயாளிகள், அப்புறம் வேலை கிடைக்காதவர்கள், கடைசியில் பின்மாற்றக்காரர்கள், அதாவது ஆண்டவரை விட்டு விலகிப் போனவர்கள். ஒன்றரை வருடமாக அந்தக் கடைசி வரிசையில் தெபோராளின் பெயர் இருந்தது. இரண்டு குடிகாரர்களுக்கு நடுவில் அவளை வைத்திருந்தார்கள்.

தெபோராள் எங்கும் விலகிப் போகவில்லை. களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் கிரைண்டர் கம்பெனியில் நின்றபடியே வேலை. ஏழாம் நாள் காலை பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமியம்மாளுக்குப் போய்விடும்.

அந்த அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. ஹைதராபாத்தில் இருக்கும் மகன் ரவிதேஜா பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தான். அந்த ஆளுக்கு ஞாயிறு லீவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெபோராள் வெள்ளைப் புடவை கட்டிச் சபைக்குக் கிளம்பியபோது ஜன்னல் வழியே, "அம்மணி, அம்மணி" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் படுக்கையெல்லாம் நனைந்து கிடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் அவளுக்கு ஆராதனை வாய்க்கவில்லை.

பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். "எனக்குன்னு ஒரு நாளு கெடையாதா ஆண்டவரே" என்று முனகிக்கொண்டேதான் துடைப்பாள், துவைப்பாள். அந்த அம்மாளும் லேசுப்பட்டவரில்லை. தண்ணீர் ஆறிவிட்டது என்பார், பவுடர் போதவில்லை என்பார். ஒருமுறை சபை மூப்பரிடம் தெபோராள் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் நல்ல காரியந்தானுங்க. ஆனா ஆராதனை முக்கியமில்லீங்களா?" என்றார் அவர்.

இப்படி இருக்கையில்தான் மகள் பெர்சிஸுக்குத் தாராபுரத்திலிருந்து வரன் வந்தது. நல்ல பையன். பெர்சிஸுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குடும்பம் ஒழுங்காகச் சபைக்கு வருகிறது என்று பாஸ்டர் எழுதிய கடிதம்.

"நாலு ஞாயிறு விடாம வந்துருங்க சிஸ்டர், எழுதித் தாரேன்" என்றார் பாஸ்டர்.

மாற்றி நிற்க ஆளில்லை. பெர்சிஸைக் கேட்டதற்கு, "அந்த நாத்தத்துல என்னால நிக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டாள்.

முதல் ஞாயிறு, கடித விஷயத்தை வெங்கடலட்சுமியம்மாளிடம் சொல்லிவிட்டு, தெபோராள் சபையில் போய் உட்கார்ந்தாள். செயலில் காட்டாத, கிரியை இல்லாத விசுவாசத்தால் யாருக்கு என்ன பயன் என்று பாஸ்டர் அன்றைக்கு உருக்கமாகப் பிரசங்கித்தார். சபை முழுக்க ஆமென் ஆமென் என்றது. தெபோராளின் வாயும் சொன்னது, மனது மட்டும் அந்தப் படுக்கையிலேயே கிடந்தது. பன்னிரண்டரைக்கு வந்து பார்த்தபோது வெங்கடலட்சுமியம்மாள் விடியக்காலையிலிருந்து அசிங்கத்திலேயே கிடந்தார். அன்றைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை. "லெட்டரு குடுத்துட்டாங்களா அம்மணி?" என்று மட்டும் கேட்டார்.

தெபோராளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாஸ்டர் மேல், இந்த அம்மாள் மேல், எல்லாவற்றுக்கும் மேல் தன் மேலேயே.

அடுத்த ஞாயிறு காலை அவள் வாளியோடு அங்கேதான் நின்றாள். எட்டரை மணிக்குப் பாஸ்டரம்மா நாலு பெண்களோடு தேடி வந்தார். பின்னால் பெர்சிஸ், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இன்றைக்கும் வந்துவிட்டால் கடிதம் கைநழுவிப் போகாது என்று அவர்களை அழைத்து வந்ததே அவள்தான். எல்லோரும் வாசற்படியில் நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விலகிப் போன இந்தச் சகோதரியைத் திருப்பிக் கொண்டுவரும்படி கண்ணீரோடு ஜெபித்தார்கள். சோப்பு நுரை வழியும் கையோடு தெபோராள் தலைகுனிந்து நின்றாள்.

"ஆமென்னுங்க" என்றாள் முடிந்ததும். மனதாரத்தான் சொன்னாள். "வந்ததுதான் வந்தீங்க, ஒருத்தரு உள்ள வந்து காலைப் புடிச்சுக்கங்க. அம்மாவைத் திருப்பிப் போடோணும். என்ற இடுப்பு விட்டுப்போச்சுங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஆராதனைக்கு நேரமாயிருச்சே சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. "ஜெபத்துல வெச்சுக்கறோமுங்க" என்றார் பாஸ்டரம்மா. படியிறங்கிப் போய்விட்டார்கள்.

பெர்சிஸ் போகவில்லை. கடிதம் இனி வராது, தாராபுரமும் அதோடு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து நின்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்கே புடிக்கோணும்?" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே.

"முழங்காலுக்குக் கீழ, கண்ணு."

அதன் பிறகும் ஒரு வாரம் அவள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கால்களை, நோகாமல், இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.