ஒன்றாம் தேதி அசனம்

எங்கள் வீட்டில் குளியலறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் கதவை மறித்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே அப்படி மாற்றிவைத்தார்கள். தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு வழக்கம். வெளியே நிற்பவர் தட்டினால் உள்ளே இருப்பவர் "உண்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நான் திறந்துவிடுவேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் தட்டுவேன், நிற்காமல் விழுந்தாலும் தட்டுவேன். அதனால் எனக்கு இந்த வீட்டில் வெப்ராளம் என்று பெயர். பதற்றத்துக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. "வெப்ராளம் வருது, எல்லாரும் மூச்சு விட்டுக் காட்டுங்க மக்கா" என்று கேலி செய்வார்கள்.

கேரளத்தில் பாறசாலையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டி ஒரு தொண்டு நிறுவனம் எடுத்திருக்கும் வாடகை வீடு. பெண்களும் திருநங்கைகளும் தங்கியிருக்கிறார்கள். குடிப்பவர்கள் உண்டு, மாத்திரை போடுபவர்கள் உண்டு, விட்டவர்களும், விட்டுவிட்டுத் திரும்பத் தொட்டவர்களும் உண்டு. குடித்தால் வெளியே போ என்கிற சட்டம் இங்கே இல்லை. முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும், ஒரு கூரைக்குக் கீழே சோறு தின்ன வேண்டும், மற்றதைப் பைய பைய பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். காட்டாக்கடையில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே சமையலுக்கு வந்தேன். இவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஓடி ஓடி, கடைசியில் என்னைக் கேஸ் ஒர்க்கர் ஆக்கிவிட்டார்கள். கவலைப்படுவதற்கும் ஒரு வேலை உண்டு என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால், பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இங்கே தங்கியிருந்தவர்களில் ஒரு திருநங்கை, ஜாக்கெட் தைப்பவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் தையல்காரிதான். குடி அவளுக்குப் பழைய பழக்கம். ஒருமுறை சட்டென்று நிறுத்தி, வலிப்பு வந்து, தையல் மெஷின் காலில் தலை மோதி, தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு டாக்டர் ஒரு வழிமுறை சொல்லிக்கொடுத்தார். மதுக் குப்பி என் பொறுப்பில் சமையலறை அலமாரியில் இருக்கும். காலையில் ஓர் அளவு, உச்சிக்கு ஓர் அளவு, அந்திக்கு ஓர் அளவு, என்னுடைய சின்ன ஸ்டீல் டம்ளரில். அளவை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு வேளைகூடத் தானாக நிறுத்தக் கூடாது. காலை அளவு உள்ளே போன பிறகுதான் அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியும். அதற்கு முன்னால் ஊசியை என்னிடம் நீட்டுவாள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் ஊசிக் காது தெரியாது. இரண்டு பேரும் சிரிப்போம்.

அவளுடைய ஊர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். வீட்டை விட்டு வந்து பல வருடங்களாகியும் அம்மா பேசவில்லை. அக்கா மட்டும் எப்போதாவது கூப்பிடுவாள். அந்த அக்கா ஒருநாள் போன் செய்ததைத் தையல்காரி ஸ்பீக்கரில் போட்டு எல்லாருக்கும் கேட்க வைத்தாள்.

"இந்த வருசம் அசனம் நம்ம குடும்பத்துக்க செலவாக்கும். நீ வரணும். பொம்பளைங்க பந்திக்கு சாம்பார் நீ விளம்பணும்ணு அம்மா சொல்லுகா."

சபைக் கோயிலின், அதாவது சர்ச்சின், பிரதிஷ்டைப் பண்டிகை அன்று ஊரார் எல்லாரும் ஒரே பந்தலில் வரிசையாக உட்கார்ந்து உண்பதுதான் அசனம். பரிமாறுவதை விளம்புவது என்போம். யார் யார் விளம்புகிறார்கள் என்பதை ஊர் முழுக்கக் கவனிக்கும். சின்ன வயதில் ஆண்கள் பந்திக்கு விளம்பியவள் அவள். இப்போது பெண்கள் பந்திக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். போனை வைத்ததும் அவள் தன் சேலைகளையெல்லாம் கட்டிலில் பரப்பினாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. எந்தச் சேலை, எந்த ஜாக்கெட், பூ வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு கல்யாணத்துக்கு உண்டான பேச்சு.

என் கவலை வேறு. அசனம் வந்தது ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தில் மாதத்தின் முதல் நாள் மதுக்கடைகள் எதுவும் திறக்காது. ஆகவே முந்தின நாளே குப்பி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் கட்டன் சாயாவுக்கு அடுப்பு பற்றவைத்துவிட்டு அலமாரியைத் திறந்தால் குப்பி இல்லை. திரும்பிப் பார்த்தேன். பாத்திரத்தட்டில், டம்ளர்களுக்கு நடுவே, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பொழியூர்க்காரி தலையை நிமிர்த்தவில்லை. எங்களில் மூத்தவள். கடலரிப்பில் வீடு போய், அதற்குப் பிறகு குடித்து, ஒருநாள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஒரேயடியாக விட்டவள். சமையலறைச் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது.

"அக்கா, குப்பி?"

"நானாக்கும் களஞ்சேன். பலாமூட்டுல ஊத்தியாச்சு."

"ஏன்க்கா?"

"கோயிலுக்குப் போற பிள்ளையில்லியா. இத்தனை வருசம் கழிச்சு அம்மைக்க முன்னால மணத்துக்கிட்டா போய் நிக்கும்? நான் ஒரே நாள்ல விட்டவளாக்கும். எனக்கு ஒண்ணும் வரல்ல. அவளுக்கும் மாதா பாத்துக்கிடுவா."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்து முடித்த நிம்மதி இருந்தது.

தையல்காரி தலை துவட்டிக்கொண்டு வந்தாள். கவிழ்ந்த குப்பியைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"பலாமரத்துக்கு இன்னைக்கு நல்ல ஏத்தம். காய் விழுந்தா தலையைப் பாத்துக்கிடுங்க எக்கா" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சாயாவை எடுத்தபோது கிளாஸ் பல்லில் மோதிச் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் பொழியூர்க்காரி துருவலை நிறுத்தினாள்.

டாக்டரை அழைத்தேன். மலையாளத்தில் "பேடிக்கண்டா" என்று ஆரம்பித்தார், பயப்படாதே என்று. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தால் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கலாம், அதுதான் நல்லது என்றார். தையல்காரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"படுக்க வச்சா எப்போ சாரே விடுவீங்க? நாளைக்கா? அசனம் நாளைக்கு இல்ல."

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் அவர் என்னிடம் சொன்னார். உச்சிக்குள் வழக்கமான அளவு கிடைக்குமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாம். அதுவரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ, அசனமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கிட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே. நான் அதைத் தையல்காரியிடம் சத்தியமாக வாங்கிக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் ஒன்றாம் தேதி மதுவிலக்கு இல்லை. ஆனால் கடை உச்சிக்குத்தான் திறக்கும். சேலைக்கு நான்தான் பின் குத்தினேன். அவள் கையில் பின் நிற்கவில்லை. எங்களை எப்போதும் ஏற்றிப்போகும் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். என் தோல்பையில் பைபிள், ஸ்டீல் டம்ளர், தண்ணீர், ரசகதலி வாழைப்பழம், அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டு. வழிநெடுக அவளைப் பேச வைத்துக்கொண்டே போனேன். குழறுகிறதா என்று தெரிய வேண்டுமே.

"எக்கா, சாம்பார் வாளி எப்பிடி இருக்கும்ணு தெரியுமா? கை ஆடினா சூடு சாம்பார் பொம்பளைங்க மடியிலாக்கும் விழும். குடிச்சிட்டு ஆடுதாண்ணு சொல்லுவாங்க. நான் குடிக்காததினாலயாக்கும் ஆடுகேன்ணு யாருட்ட போய்ச் சொல்ல?"

பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

களியக்காவிளையில் கடை திறக்கும் முன்பே வரிசை நின்றது. பாதி ஆட்கள் நம்ம பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆட்டோக்காரர் அவளுக்குக் காவலாக இருந்தார். தான் போய் வாங்கி வருவதாக அவர் சொன்னதுதான். ஆனால் அவளுக்கு வலிப்பு வந்தால் தூக்க என் கைக்கு வலு போதாது என்று தோன்றியது. அதனால் நான் வரிசையில் நின்றேன். என் ஆயுளில் அப்படி ஒரு வரிசையில் நின்றதில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன்.

"எலே, அக்காவுக்கு வழி விடுங்கலே" என்றான் முன்னால் நின்ற ஒருவன். "யாருக்கு எக்கா?"

"சோக்கேடு உள்ள ஒரு ஆளுக்கு" என்றேன், நோயாளிக்கு என்ற அர்த்தத்தில்.

"எங்களுக்கும் அதே சோக்கேடாக்கும்" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது. ஆனாலும் வழி விட்டார்கள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் போனபோது, எங்கள் சபைக் கமிட்டியில் உள்ள ஒருவர் குப்பியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பினார். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டோம்.

"சோடா வாங்க வந்தேன்" என்றார்.

"நானும்தான்" என்றேன். அதற்குப் பிறகு கோயிலில் என்னைக் கண்டால் அவர் மிகவும் மரியாதையாக வணங்குகிறார்.

ரப்பர்த் தோட்டத்து ஓரம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஆட்டோக்காரர் இறங்கிப் போய், ஒன்றுமில்லாத டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் டம்ளரில் அளந்து, தண்ணீர் சேர்த்து, அவள் வாயருகே பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. பிறகு காத்திருந்தோம். மரங்களில் ரப்பர்பால் பிடிக்கும் சிரட்டைகள் மழைக்கான பிளாஸ்டிக் தாள் போர்த்தி நின்றன. அவள் கையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நான் இருந்தேன். சற்று நேரத்தில் அவள் தோளில் இருந்த பின்னைத் தானே கழற்றினாள். மடிப்புகளை நீவி அடுக்கி, ஒரே குத்தில் குத்தினாள்.

"நீங்க குத்தினது கோணல்" என்றாள்.

போகலாம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா அண்டாக்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இருந்தார்.

"வந்தியா?"

"வந்தேன்ம்மா."

"சாம்பார் ஆறுது."

அவ்வளவுதான் பேச்சு. வாளியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கினாள். நான் கடைசி வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தோல்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே பைபிளுக்கு அடியில் மிச்சமுள்ள குப்பி. அது சாய்ந்தால் கோயிலே மணக்கும். அவள் ஒவ்வோர் இலையாகக் குனிந்து வந்தாள். சில பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஒருத்தி, "கொஞ்சம் போதும் மோளே" என்றாள். மோளே, அதாவது மகளே, என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், அந்த இலைக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

என் இலைக்கு வந்தபோது நான் சோற்றில் குழி பறிக்கக் கை நீட்டினேன்.

"எக்கா, உங்க கையாக்கும் ஆடுது. எடுங்க, சுடும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாம்பார் குழியில் மட்டும் விழுந்தது.

கடைசிப் பந்திவரை வாளி அவள் கையில்தான் இருந்தது. புறப்படும்போது அம்மா ஒரு தூக்குச்சட்டியில் சோறும் சாம்பாரும் பாயசமும் வைத்துக் கொடுத்தார். எல்லையைத் தாண்டும்போது யாரும் எங்களை நிறுத்தவில்லை. நிறுத்துவார்களென்று நான் மட்டும் வீடுவரை வேர்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பொழியூர்க்காரி அன்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாசற்படியிலேயே இருந்தாள். நான் மிச்சக் குப்பியையும் டம்ளரையும் சமையலறை அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். தையல்காரி அவளை எழுப்பிக் கூட்டிப்போய், இலை வெட்டி வந்து போட்டு, குனிந்து விளம்பினாள். பொழியூர்க்காரி இலையைப் பார்க்கவில்லை, கரண்டி பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிந்தினியா?"

"ஒரு சொட்டு. அதும் எனக்க சேலையில."

அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். பாயசத்தை விரலால் வழித்து முடித்துக் கைகழுவப் போனவள், சமையலறையில் நெடுநேரம் நின்றாள். என்னவோ ஏதோவென்று நான் எழுந்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஸ்டீல் டம்ளரைத் தூர நீட்டிப் பிடித்தபடி வந்தாள்.

"அந்திக்கு உள்ளது" என்றாள் என்னிடம். "கூடிப்போச்சோண்ணு பாரு மக்கா."